வட்டில்பட்டியின் கடைசி வயல்

அன்று கண்மாய்க்கரையில் இருந்தவர்கள்: மேட்டுநாட்டின் நீர் ஆணையர். அவருக்குக் குடை பிடிக்க ஒருவர். குடையின் நிழல் ஆணையர் மேல்தான் விழுகிறதா என்று கவனிக்க இன்னொருவர். அவர் சொல்வதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதிக்கொள்ளும் எழுத்தர். நாற்காலியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த மாமன்னரின் படம். அதற்கும் ஒரு குடை. தலைமடைக்காரர் நாகலிங்கம், அவருடைய ஏழு மாடுகள். குடை இல்லாமல் வட்டில்பட்டியின் வயல்காரர்கள், நாகலிங்கத்தையும் சேர்த்து அறுபத்திரண்டு பேர். அந்தப் பட்டியலில் கடைசிப் பெயர் ஒச்சம்மா.

மாமன்னர் எந்த ஊருக்கும் நேரில் வருவதில்லை. நாட்டில் எங்கே குறை என்றாலும் முதலில் அவருடைய படம் போய்ச் சேரும். அதற்குப் பிறகும் குறை தீராவிட்டால் பெரிய படமாக அனுப்புவார்கள். வட்டில்பட்டிக்கு வந்திருந்தது நடுத்தர அளவு.

ஊர் சிறியது. வடக்கே கண்மாய், கண்மாய்க்கு ஒரே மடை, மடையிலிருந்து ஒரே வாய்க்கால். வாய்க்கால் தெற்கே இறங்கி, அறுபத்தோரு வயல்களைத் தொட்டுவிட்டு, ஒச்சம்மாவின் முக்கால் ஏக்கரில் போய் முடியும். அதற்கு அப்பால் பொட்டல்.

ஊருக்குப் பெயர் கொடுத்தது ஒரு செப்பு வட்டில். உள்ளங்கை அகலம், அடியில் ஊசி நுழையும் ஓட்டை. அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஓட்டை வழியாக நீர் ஏறி மெல்ல மூழ்கும். மூழ்கினால் ஒரு வட்டில் நேரம். இந்த வயலுக்கு மூன்று வட்டில், அந்த வயலுக்கு ஐந்து வட்டில் என்று தண்ணீரைப் பிரித்துக்கொண்டார்கள். ஊரின் புத்தி வட்டிலில் இல்லை, அதை யார் கையில் கொடுப்பது என்பதில் இருந்தது. கடைசி வயல் யாருடையதோ அவர் கையில்தான் வட்டில் இருக்கும். மேலே உள்ளவனுக்கு ஒரு வட்டில் கூட்டிக் கொடுத்தால் முதலில் காய்வது அவர் வயல். குறைத்துக் கொடுத்தால் மற்றவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து வாய்க்காலை மறித்துவிடுவார்கள். நல்ல மனிதனைத் தேடிப் பிடித்து வட்டிலைக் கொடுப்போம் என்று அந்த ஊர் என்றைக்கும் நினைத்ததில்லை. தப்புச் செய்தால் தனக்கே வலிக்கிற ஆளாகப் பார்த்துக் கொடுத்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த ஆள் ஒச்சம்மா.

அந்த வருஷம் மழை பாதிதான் பெய்திருந்தது. நெல் பொதி கட்டி, கதிர் உள்ளேயே அடங்கி நின்றது. இருபது நாளுக்குள் ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் வெளியே வந்து மணி பிடிக்கும். பாயாவிட்டால் எல்லாம் பதர். ஒச்சம்மாவின் ஒரு வருஷச் சோறும் அடுத்த விதைப்புக்கான விதையும் அந்த முக்கால் ஏக்கரில்தான் நின்றன. வேறு எங்கும் நிற்கவில்லை. அவள் யோசித்ததெல்லாம் அந்த ஒரு தண்ணீரைப் பற்றி மட்டுமே.

ஆணையர் தொண்டையைச் செருமினார். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

"மேட்டுநாட்டில் இனி எவரும் கடைசி அல்லர்," என்றார் ஆணையர். "ஒரு குடிமகளைக் கடைமடைக்காரி என்று அழைப்பது மாமன்னரின் இதயத்தைப் புண்படுத்துகிறது. ஆகவே இன்று முதல் இந்த அம்மையாரின் வயல் முதல்மடை என்று வழங்கப்படும்."

கூட்டம் கை தட்டியது. கைதட்டுவதில் செலவில்லை.

"ஐயா," என்றாள் ஒச்சம்மா. "பேர மாத்துனா தண்ணி மேல ஏறி வருமாங்கய்யா?"

"அம்மா, தண்ணீர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. கட்டுப்படாவிட்டால் தண்ணீரின் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

"அப்ப வட்டிலு?"

"உங்கள் மரபை மாமன்னர் மதிக்கிறார். கடைசியில் இருப்பவரிடம்தானே வட்டில்? நீங்கள் முதல் ஆகிவிட்டீர்கள். ஒருவர் முதல் என்றால் மறுமுனையில் இருப்பவர் கடைசி. யார் அங்கே இருப்பது?"

மறுமுனையில், மடையின் வாயிலேயே, பதினோரு ஏக்கர் வைத்திருந்தவர் நாகலிங்கம். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, நாங்க தலைமுறை தலைமுறையா மொத ஆளா நின்னு பழகுனவுங்க. கடைசி ஆளுன்னு பேரு வாங்குறது எவ்வளவு பெரிய கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் ஊருக்காகப் பொறுத்துக்கிறேன்."

"ஒங்க கஷ்டத்த நாங்க ஏத்துக்கிறோம்ணே," என்றது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். "வயல மட்டும் மாத்திக்குவோமா?"

சிரிப்பு எழுந்தது. எழுத்தர் 'மக்கள் மகிழ்ச்சி ஆரவாரம்' என்று எழுதினார். நாகலிங்கத்துக்கு அங்கேயே 'கடைசியர் சான்றிதழ்' வழங்கப்பட்டது. அதில் மாமன்னரின் படம் இருந்தது, நாகலிங்கத்தின் பெயருக்கும் கொஞ்சம் இடம் இருந்தது.

ஒச்சம்மா வட்டிலை நீட்டினாள்.

"தங்கச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்காத," என்றார் நாகலிங்கம். "இனி நீதான் மொதல்."

"மொதல்னா மொதல்ல எனக்குத்தானண்ணே பாயணும்?"

"பாயும் பாயும். மொத ஆளுக்குப் பொறுமை வேணும்ல."

மறுநாள் காலை நாகலிங்கத்தின் முறை. ஒச்சம்மா கரையில் உட்கார்ந்து பார்த்தாள். வட்டில் மிதந்தது. நாகலிங்கம் கஞ்சி குடித்தார், வெற்றிலை போட்டார், புளியமரத்தடியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். வட்டில் மிதந்துகொண்டே இருந்தது. பதினோரு ஏக்கரும் குடித்து, வரப்பு மேல் வழிந்து, தவளைகள் கத்தத் தொடங்கிய பிறகும் மூழ்குகிற மாதிரித் தெரியவில்லை. ஒச்சம்மா எழுந்து போய் வட்டிலைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். ஓட்டையில் தேன்மெழுகு.

"என்னண்ணே இது?"

"பழைய வட்டிலு தங்கச்சி. அதுக்கும் வயசாகுதுல்ல. அவசரப்படுத்தாத."

மற்றவர்கள் முறை வந்தபோது மெழுகு இல்லை. நாகலிங்கத்துக்கு வணக்கம் சொன்னவர்களுக்கு வட்டில் தன்பாட்டில் மூழ்கியது. சொல்லாதவர்களுக்கு அவர் கட்டைவிரலால் லேசாக அழுத்தி உதவி செய்தார். தண்ணீர் முப்பதாவது வயலோடு நின்றுபோனது.

ஒச்சம்மாவின் வயலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தது. அவள் ஒரு மண்கட்டியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு, கரையில் கூடாரம் அடித்திருந்த ஆணையரிடம் போனாள். கட்டியை மேசைமேல் வைத்தாள். ஆணையர் அதைப் பேனாவால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன?"

"வெடிச்ச மண்ணுங்கய்யா."

"வெடிப்பு என்ற சொல் பீதியை உண்டாக்கும். எழுத்தரே, இதற்கு வேறு பெயர் இருக்கிறதா?"

எழுத்தர் ஏடுகளைப் புரட்டினார். "சென்ற மாதச் சுற்றறிக்கையின்படி இதை மண்ணின் புன்னகை என்று குறிப்பிட வேண்டும் ஐயா."

"புன்னகையா?" என்றாள் ஒச்சம்மா. "அப்ப என் வயலு வாய்விட்டுச் சிரிக்குதுய்யா. வந்து பாருங்க."

ஆணையருக்குப் பேச்சு பிடித்திருந்தது. உடனே விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். குழுவில் அவரும், எழுத்தரும், ஊர் விவரம் தெரிந்தவர் என்ற முறையில் நாகலிங்கமும் இருந்தார்கள். கடைசி வயல் உண்மையில் யாருடையது என்பதை அறிவியல் முறைப்படி கண்டுபிடிப்பது குழுவின் வேலை. அறிவியல் முறை என்னவென்றால், எழுத்தர் செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் நடப்பார். ஆணையர் கரையில் நடந்துகொண்டே கேட்பார்.

"ஈரம் இருக்கிறதா?"

"இருக்கிறது ஐயா."

"இங்கே?"

"இருக்கிறது ஐயா."

முப்பதாவது வயலின் ஓரத்தில் எழுத்தர் நின்றார். "காய்ந்துவிட்டது ஐயா."

"வாய்க்கால் இங்கே முடிகிறது. கல் நடுங்கள்."

"ஐயா, வாய்க்கால் என் வயல் வரைக்கும் கெடக்கு," என்றாள் பின்னாலேயே வந்த ஒச்சம்மா. "நான் பொறந்ததுலருந்து கெடக்கு. அங்க பாருங்க, தெரியுதுல்ல."

"அம்மா, நீர் செல்வது வாய்க்கால். நீர் செல்லாதது பள்ளம். நாட்டில் பள்ளங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் நீர் விட முடியாது."

"நீங்க விடாததுனாலதான போகல?"

"அது கொள்கை சம்பந்தப்பட்ட கேள்வி. இந்தக் குழு ஈரத்தை மட்டுமே ஆராயும்."

அரைஆள் உயரக் கருங்கல் ஒன்று அங்கே நடப்பட்டது. கல்லுக்குத் தெற்கே இருந்த முப்பத்திரண்டு வயல்களும் வானம் பார்த்த பூமி என்று அறிவிக்கப்பட்டன. அவற்றின் சொந்தக்காரர்கள் தங்கள் விருப்பத்தின் பேரிலேயே வானத்தைப் பார்ப்பதாக அறிக்கையில் எழுதப்பட்டது. பதினான்கு நாள் மிச்சம் இருந்தது.

ஊர் முணுமுணுத்தது. மேட்டுநாட்டில் முணுமுணுப்புக்கு ஒரே மருந்து தேர்தல். வட்டில் யார் கையில் இருப்பது என்பதை மக்களே தீர்மானிக்கட்டும் என்று ஆணை வந்தது. கூடவே சற்றுப் பெரிய படமும் வந்தது. வாக்காளர் யார் என்பதற்கு எளிய விதி. விவசாயி என்றால் காலில் சேறு இருக்கும். ஆகவே காலில் சேறு உள்ளவருக்கு ஓட்டு.

வாக்குச்சாவடி நாகலிங்கத்தின் களத்தில் இருந்தது. தேர்தல் நாளில் வட்டில்பட்டியில் சேறு இருந்த பெரிய இடம் அவருடைய பதினோரு ஏக்கர்தான். வேண்டியவர்களை வரப்பில் நின்று கைகாட்டி உள்ளே கூப்பிட்டார். அவர்கள் இறங்கி மிதித்துவிட்டு நேரே சாவடிக்குப் போனார்கள். கல்லுக்குத் தெற்கே உள்ளவர்கள் புழுதிக் காலோடு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் பிற்பகலுக்குள் நாகலிங்கத்துக்கு ஒரு வணக்கம் வைத்துச் சேற்றில் இறங்கினார்கள். வாக்கை அவருக்கே போட வேண்டியிருந்தது, ஆனால் வாக்கு இருந்தது.

ஒச்சம்மா வணக்கம் வைக்கவில்லை. குடிக்கக் கொண்டு வந்திருந்த செம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, மிதித்து, வரிசையில் போய் நின்றாள். எழுத்தர் குனிந்து அவள் காலை முகர்ந்து பார்த்தார்.

"இது செயற்கைச் சேறு. அனுமதி இல்லை."

"சேத்துல அசலு, போலி எல்லாம் இருக்காய்யா?"

"பயிர் வாசனை இல்லை."

"பயிருக்குத் தண்ணி இல்ல. வாசனை எங்க வரும்?"

அடுத்தவர் கூப்பிடப்பட்டார். மாலையில் எண்ணியபோது நாற்பது பேர் வாக்களித்திருந்தார்கள். நாகலிங்கம் நாற்பத்தேழு வாக்குகள் பெற்று வென்றிருந்தார். அவருடைய ஏழு மாடுகளின் கால்களிலும் சேறு இருந்தது என்று ஆணையர் விளக்கினார். விதியைப் பார்த்தார்கள். மாடு கூடாது என்று விதியில் இல்லை.

வெற்றி உரையில் நாகலிங்கம் சொன்னார்: "கடைசி மனுசனான என்னைய நீங்க மறக்கல. நானும் என்னைய மறக்க மாட்டேன்."

மறக்கவில்லை. அடுத்த முறைத் தண்ணீர் பன்னிரண்டாவது வயலோடு நின்றது. வணக்கம் வைத்தவர்களும் காய்ந்தார்கள். வாக்களித்துவிட்டுக் காய்வது வாக்களிக்காமல் காய்வதைவிடக் கோபம் தருவதாக இருந்திருக்க வேண்டும். பதினைந்தாவது வயல்காரர் பதின்மூன்றாவது வயல்காரரின் மண்டையை மண்வெட்டிக் காம்பால் உடைத்தார். இரவோடு இரவாக வரப்புகள் வெட்டப்பட்டன. நாகலிங்கத்தின் மடைவாயை யாரோ முள்ளும் கல்லும் போட்டு அடைத்தார்கள். அவர் ஆணையரின் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். ஐந்து நாள் மிச்சம்.

அப்போதுதான் நான்காவது ஆணை வந்தது. இம்முறை படம் இரண்டு வண்டியில் ஏற்றும் அளவுக்கு இருந்தது. ஆணையர் அதன் நிழலில் நின்றே படித்தார்.

"நடந்த கலவரத்துக்குக் காரணம் வட்டிலைப் பிடித்தவருக்குத் தண்ணீரில் அக்கறை இருந்தது என்பதே. அக்கறை உள்ளவர் நடுநிலையாக இருக்க முடியாது. ஆகவே வாய்க்காலில் ஒரு சாண் நிலமும் இல்லாத, என்றைக்கும் இருந்திராத ஒருவரே இனி மடைக்காவலர். யாரும் அவரிடம் கெஞ்சவோ மிரட்டவோ இயலாதபடி மடையைச் சுற்றி ஓர் அறை கட்டப்படும். அறைக்குக் கதவு உண்டு. கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி காவலரிடம் மட்டும்."

நாகலிங்கம் தன் கணக்குப்பிள்ளையை எழுப்பி நிறுத்தினார். அவருக்கு ஏழாவது வயலில் பங்கு இருந்தது. மைத்துனரை நிறுத்தினார். அவருக்கு நாலாவது வயல். ஊர் முழுக்கத் தேடினார்கள். சொந்தமாக இல்லாதவன் குத்தகைக்கு வைத்திருந்தான். குத்தகையும் இல்லாதவன் பெண்டாட்டி பெயரில் வைத்திருந்தான். கல்லுக்குத் தெற்கே உள்ளவர்களும் வடக்கே மாமனாருக்கோ அண்ணனுக்கோ கூட்டாளியாக இருந்தார்கள்.

"எனக்கு யாருமில்லங்கய்யா," என்றாள் ஒச்சம்மா. "நெலம் கல்லுக்குத் தெக்க இருக்கு. அது வாய்க்கா இல்ல, பள்ளம்னு நீங்களே எழுதியிருக்கீக."

ஆணையர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் அறிக்கையைப் பார்த்தார். எழுதியிருந்தது.

"ஐயா, இவ பன்னெண்டு வருசம் வட்டில் புடிச்சவ!" என்று கத்தினார் நாகலிங்கம். "இவ வயலுதான்யா கடைசி!"

"தாங்களே கடைசி என்பதற்கு என் கையெழுத்தோடு சான்றிதழ் இருக்கிறதே," என்றார் ஆணையர். அறிக்கை தவறு என்று ஒப்புக்கொள்வதைவிட ஒச்சம்மாவை நியமிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. "ஆனால் அம்மா, தங்கள் வயலுக்கு வாய்க்காலே இருந்ததில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லுக்குத் தெற்கே, நிலமே இல்லாத ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்."

அப்படி ஓர் ஆள் இருந்தான். ஒச்சம்மாவின் வயலுக்கும் தெற்கே, பொட்டலில், ஒன்பது குடிசைகள். அவை எந்தப் பட்டியலிலும் வந்ததில்லை. ஆடு மேய்ப்பவர்கள். அவர்களில் சற்றுப் பேசத் தெரிந்தவன் சாத்தையா. குடிசைகளுக்கு நடுவே ஒரு குட்டை. ஒச்சம்மாவின் வயல் குடித்து வடிந்த தண்ணீர்தான் அதற்கு வந்து சேரும். ஆடுகளும் அதில் குடித்தன, ஆட்களும் அதையே வடிகட்டிக் குடித்தார்கள். அந்தத் தண்ணீரை ஒச்சம்மா யாருக்கும் கொடுத்ததாக நினைத்ததில்லை. அது வடிந்தது, அவ்வளவுதான்.

அவள் போனபோது சாத்தையா குட்டைக்குள் இறங்கி ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தான். இடுப்பு ஆழம் தோண்டியும் சேறுதான் வந்தது.

"என்ன ஒச்சம்மாக்கா, ராணி மாதிரி எறங்கி வர்றிக?"

"ஒரு கைநாட்டு வேணும்யா."

விவரத்தைச் சொன்னாள். அவன் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"கல்லுக்கு இங்கிட்டு வாய்க்காலே இல்ல, தண்ணியே வந்ததில்லன்னு நான் சொல்லணும்."

"ஆமா."

"அப்ப இந்தக் குட்டைக்கு இத்தன நாளா என்ன வந்துச்சு? பன்னீரா?"

"வெளையாடாதய்யா. நான் உள்ள போயி ஒக்காந்தாத்தான் தண்ணி கீழ வரும். என் வயலு நனைஞ்சா ஒன் குட்டை தானா ரொம்பும். எப்பவும் போல."

"நேத்து ரெண்டு குட்டி செத்துப்போச்சுக்கா. எம் மகளுக்கு வேற வயித்தால போகுது, இந்தச் சேத்தக் குடிச்சிட்டு." கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தான். "ரொம்புமில்ல?"

"ரொம்பும்."

கூடாரத்தில் அவன் கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினான். எழுத்தர் அதைப் பார்த்து, மிகத் தெளிவான ரேகை என்று பாராட்டினார்.

அறை இரண்டே நாளில் எழும்பியது. நாலு பக்கமும் கல், மேலே ஓடு, கண்மாயைப் பார்த்து ஒரு சன்னல், வயலைப் பார்த்து ஒரு சன்னல், நடுவில் மடையின் அடைப்பைத் தூக்கும் நீண்ட கம்பு. ஓரமாக அண்டா. ஒச்சம்மாவுக்குப் பச்சை நிறத்தில் ஒரு மேல்துண்டு போட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். விதிப்புத்தகம் ஒன்றும் கொடுத்தார்கள்.

அவள் ஓட்டையிலிருந்த மெழுகைச் சுரண்டி எடுத்து வெளியே எறிந்தாள். வட்டிலை மிதக்கவிட்டாள். நாகலிங்கத்துக்கு என்ன அளவோ அந்த அளவு. வட்டில் மூழ்கியதும் சன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். கீழே மண்வெட்டியோடு நின்றவர்கள் அவர் மடைவாயை அடைத்தார்கள். அவர் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, இன்னொரு வட்டிலு!"

"மனு எழுதிக் குடுங்கண்ணே."

ஊர் அன்றைக்கு முழுவதும் சிரித்தது. பழைய கணக்குப்படியே தண்ணீர் இறங்கியது. கருங்கல்லைத் தாண்டும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்லுக்குத் தெற்கே விட்டால் அது என்ன என்று எழுத்தர் மட்டும் ஒரு முறை கேட்டார். கசிவு என்றாள். அவர் கசிவு என்று எழுதிக்கொண்டார். மறுநாள் மாலை ஒச்சம்மாவின் முக்கால் ஏக்கரில் தண்ணீர் ஏறியது. வெடிப்புகள் ஒவ்வொன்றாகக் குடித்து மூடிக்கொண்டன. அவள் அறையைப் பூட்டிவிட்டு இறங்கிப்போய் வரப்பில் நின்று பார்த்தாள். பயிர் அதற்குள்ளேயே நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அவள் அழவில்லை. பொதியிலிருந்து எட்டிப் பார்த்த கதிர்களை எண்ணினாள்.

வெடித்துக் கிடந்த நிலம் மற்ற வருஷங்களைவிடக் கூடுதலாகக் குடித்தது. வடிவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அவள் திரும்பிப்போய்க் கம்பை இறக்கி மடையை அடைத்தாள். வடக்குச் சன்னல் வழியாகக் கண்மாயைப் பார்த்தாள். மடை வாயிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு மேல் நீர் இல்லை. நிலம் இவ்வளவு குடித்ததில் ஒரு தண்ணீர் போதாது என்று தெரிந்தது; கதிரில் பால் முற்ற இன்னும் ஒரு நனைப்பு வேண்டும். மற்றவர்களுக்குக் கொடுத்தது போக, அந்த நாலு விரல் நீர் அவள் வயலுக்குச் சரியாக இருக்கும்.

மறுநாள் காலை எழுத்தரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"காவலர் கல்ல நகத்தலாமா? புத்தகத்துல இருக்கா?"

எழுத்தர் புரட்டினார். "நிர்வாக வசதிக்காகக் காவலர் எல்லைக்கல்லை மாற்றி அமைக்கலாம். ஆனால் கல்லைப் பிடுங்கக் கூடாது. நகர்த்தலாம்."

"பிடுங்க வேணாம். எல்லை ஒண்ணு வேணும்ல."

நான்கு பேர் கல்லைத் தூக்கிக்கொண்டு தெற்கே நடந்தார்கள். ஒச்சம்மா முன்னால் நடந்து இடம் காட்டினாள். தன் வயலின் கடைசி வரப்பை ஒட்டி, வெளிப்பக்கமாக நடச் சொன்னாள். கல் நேராக நிற்கிறதா என்று ஒரு முறை சுற்றி வந்து பார்த்தாள்.

நடுப்பகலில் சாத்தையா வந்தான். காலெல்லாம் புழுதி. கதவு திறந்திருந்தது; உள்ளே வந்து, தரையில் உட்காராமல் நின்றான்.

"அக்கா, குட்டைக்கு வரல."

"என் வயலு எல்லாத்தையும் குடிச்சிருச்சுய்யா. வடியல."

"தெரியுது. பாத்துட்டுத்தான் வர்றேன். பயிரு நல்லாத் தெளிஞ்சிருக்கு." தெற்கே கை காட்டினான். "ஒரு வட்டிலு விடுங்கக்கா. ஒண்ணு போதும். ஆளுக குடிக்க."

ஒச்சம்மா வடக்குச் சன்னலைப் பார்த்தாள். நாலு விரல். அவள் வயலுக்கு எட்டு வட்டில் வேண்டும். கண்மாயில் இருந்தது எட்டு, ஒருவேளை எட்டரை. ஒருவேளை என்பதை நம்பி ஒரு வருஷச் சோற்றை விட முடியாது என்று நினைத்தாள். அவன் மகளின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்கும் ஒரு பதில் வேண்டும் என்று தேடினாள். பதில் கைக்கெட்டுகிற தூரத்திலேயே இருந்தது.

"பொட்டலுக்கு வாய்க்கா இல்லையே, சாத்தையா."

அவன் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"என்னக்கா, குடைக்குக் கீழ நிக்கிற அந்த ஐயா மாதிரி பேசுறிக?"

"விதி அப்படி இருக்கு. கல்லு வரைக்குந்தான் விட முடியும்."

"கல்லு நேத்து வரைக்கும் அங்கிட்டு இருந்துச்சே. ஒங்க வயலும் கல்லுக்கு வெளியதான இருந்துச்சு?"

"இப்ப உள்ள இருக்கு."

"ஒங்க வயலுக்கு அப்புறம் யாருமே இல்லையா? அப்ப நாங்க யாரு? நாங்கதானக்கா கடைசி?"

"கடைசின்னு சொல்லக் கூடாதுய்யா. அது ஒங்கள அவமானப்படுத்துறது."

"ரொம்பும்னு சொன்னிகளே."

"வயலு வடிஞ்சா ரொம்பும்னு சொன்னேன். வடியல."

சாத்தையா அண்டாவைப் பார்த்தான். பிறகு கம்பைப் பார்த்தான். அவள் எழுந்து கம்புக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவளுக்கு வயது ஐம்பத்தைந்து. அவன் தள்ளினால் விழுந்துவிடுவாள். அவன் தள்ளவில்லை. அவனுக்கும் தெரிந்திருந்தது, தள்ளினால் அதற்கு ஒரு ஆணை வரும், ஒன்பது குடிசைக்கும் சேர்த்து.

"நான் மேல போயிக் கேக்குறேன்," என்றான்.

"கேளு. ஆனா அங்க ஒண்ணு காட்டுவாக." அவள் குரலில் கோபம் இல்லை. விவரம் சொல்கிற குரல்தான். "தெக்க வாய்க்காலே இருந்ததில்ல, தண்ணியே வந்ததில்லன்னு நீயே கைநாட்டு வச்சிருக்க. ரேகை தெளிவா இருக்கு."

அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். மை இன்னும் முழுதாகப் போகவில்லை. கழுவத் தண்ணீர் இல்லை.

திரும்பி நடந்தான். படியில் ஒரு முறை நின்றான். ஒச்சம்மா காத்திருக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருகி, பூட்டு விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.